பதினைந்து நாளுக்கு ஒரு சண்டை

"கையைக் குவிச்சுத் தட்டணும்! இது என்ன, குழந்தை முதுகா, கதவா?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் குரல் கேட்டது. இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாள் என்று அவனுக்குப் பகீரென்றது.

பெரிய கடை ஒன்றின் புகார் கவுன்ட்டரில் வேலை அவனுக்கு. ஓடாத கடிகாரத்தையும் ஒரே துவையலில் சுருங்கிய சட்டையையும் கொண்டுவந்து மேஜைமேல் எறிகிறவர்களைக்கூடச் சிரித்துப் பேசி வழியனுப்பிவிடுவான். வீட்டில்தான் அந்தப் பாச்சா பலிப்பதில்லை.

ஆறு வயது மகள் சுண்டெலிக்குப் பிறந்ததிலிருந்தே நுரையீரலில் கோளாறு. சளி தானாக வெளியே வராது. காலையும் மாலையும் இருபது நிமிஷம் முதுகில் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். தட்டுவது மனைவி. அவளுக்கு முடியாவிட்டால், கூடவே இருந்து வீட்டில் துணி தைக்கும் அவனுடைய அக்கா.

அந்த அக்காவுக்குத்தான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சனிக்கிழமை சாயங்காலமானால், நாக்கில் சனி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"ஆறு வருஷமா தட்டுறேன் அண்ணி, எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி. தூங்காத கண்ணுக்குக் கீழே மை அப்பிய மாதிரி கருவளையம்.

"ஆறு வருஷமா தப்பாத்தான் தட்டுறே. நகரு அந்தப் பக்கம்! நீயும் உன் கையும்!"

"அப்ப நீங்களே பாத்துக்குங்க! நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். நாளைக்குச் சாயந்திரத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் எட்டிப் பாத்தா என்னன்னு கேளுங்க!"

பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். "இரும்மா, பேசித் தீத்துக்கலாம்" என்று கடை வழக்கப்படி இழுத்தான். அவள் பார்த்த பார்வையில் ஒதுங்கி வழிவிட்டான்.

இது நாலாவது தடவை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளிக் குழந்தையை வைத்துக்கொண்டு இராப்பகலாக அல்லாடுகிறவளை இப்படியா விரட்டுவது? கூடப்பிறந்தவளானால் என்ன, வேறு வீடு பார்த்துக்கொள் என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லப்போகிற வசனத்தை ஒத்திகை பார்த்தபடியே அறைக்குப் போனான்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் குப்புறச் சுண்டெலி. கை அதுபாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்க, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்.

"கிளம்பிட்டா. இருபது நிமிஷத்துல அங்க வந்துடுவா. ஜன்னல் திரையை இழுத்து விட்டு, படுக்கையை விரிச்சு வை... ஐயையோ, சமாதானம் கிமாதானமெல்லாம் பண்ணிடாதேம்மா! கோவம் ஆறிச்சுன்னா அடுத்த பஸ்ல திரும்பி ஓடி வந்துடுவா. நீயும் சேந்து என்னைத் திட்டு. போன தடவை 'பிடாரி'ன்னியாமே, அது நல்லா இருந்துது, அதையே சொல்லு. அன்னைக்கு எவ்வளவு நேரம் தூங்கினா, பதினாலு மணி நேரமா? இந்தத் தடவையும் எழுப்பாதே."

ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று.

"ஏன்க்கா, போய் ரெஸ்ட் எடுன்னு நேராவே சொல்லியிருக்கலாமே?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். அகப்பட்டுக்கொண்டோமே என்று அசடு வழிந்தாள்.

"சொல்லாமலா? மாசக் கணக்கா கெஞ்சினேன். 'நீங்களே பகல் பூரா மெஷினோட மாரடிக்கிறீங்க, உங்க தலையில கட்டிட்டு நான் எப்படிப் போவேன்'னு அழறா. கோவத்துல போனாத்தான் அவளுக்கு மனசு உறுத்த மாட்டேங்குது."

"அதுக்காக, அவ தட்டுறது தப்புன்னா சொல்லுவே?"

"அவ கைவாகு எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராதுடா. வேற குத்தம் கிடைக்கலை, என்ன பண்ணச் சொல்றே?"

"உனக்குல்ல கெட்ட பேரு?"

"வந்தா வரட்டும். நல்ல பேரை வெச்சு நான் என்ன, பட்டனா தைக்கப்போறேன்?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே அவகூட சண்டை போட்டு அனுப்பி வெச்சிருப்பேனே அக்கா!"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்து சுண்டெலி தலையைத் தூக்கினாள்.

"நீ சண்டை போட்டா அம்மா என்னை விட்டுட்டு எப்படிப்பா போவா? உனக்குத்தான் தட்டவே தெரியாதே!"