துவைக்காத சட்டை

தையல் மிஷினுக்கு அடியிலிருந்த துணிப்பெட்டியில் தெருப்பூனை ஒன்று குட்டி போட்டது. நான் கையை நீட்டினாலே தாயும் மூன்று குட்டிகளும் சீறின.

"நீங்க போட்ட துணி ஒண்ணைப் பெட்டியில வைங்கம்மா. வாசனை பழகிட்டா கைக்கும் பழகிடும்," என்றார் கால்நடை டாக்டர்.

என் துணியெல்லாம் சோப்பு வாசனைதான் அடிக்கும். வீட்டில் துவைக்காமல் இருந்தது, என் வீட்டுக்காரர் கடைசியாகப் போட்டிருந்த சட்டை மட்டும்தான். அவர் போன பிறகு அதைத் தண்ணீரில் போட எனக்கு மனசு வரவில்லை. அதையே வைத்தேன்.

பூனைகள் பழகின, என்னிடம் இல்லை. அவருடைய காலி நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தன. யாரோ தடவிக்கொடுப்பதுபோல முதுகை வளைத்துக் கண்ணை மூடிக்கொண்டன.

பார்க்க வந்த மகள், "அப்பாவுக்குப் பூனைன்னாலே ஆகாதேம்மா," என்றாள்.

"தனியா இருக்கிறவருக்கு எதுவும் ஆகும்டி," என்றேன்.

இன்று மதியம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தேன். குட்டிகள் மூன்றும் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. நாற்காலியின்மேல் அல்ல, அதற்கு ஒரு சாண் மேலே, மடி இருக்கும் உயரத்தில். தாய்ப்பூனை தரையில் உட்கார்ந்து, ஒரு முகம் இருக்கவேண்டிய இடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அந்த முகத்தை நோக்கிக் கையை நீட்டினேன்.

நான்கும் சீறின.