மேகத்துக்குப் போன பெட்டி

போன ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்த என் மூத்த மகள் பெனிட்டா, ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டே எனக்குச் சொன்ன கதை இது.

அவள் வேலை பார்க்கும் இடத்தில், அவள் கையால் கம்ப்யூட்டருக்குள் ஏவல் என்று ஒரு கருவி பிறந்தது. ஒரு வரி தட்டினால் போதும், புரோகிராம் அடைத்த பெட்டிகளை அது மேகத்தில், அதாவது எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில், ஏற்றி ஓடவிடும். சாயங்காலத்துக்குள் சோதனையில் தேறாவிட்டால், அதை அழித்துவிட்டு வேறொன்று செய்வார்கள்.

"ஒரு பெட்டியை ஓடவிடு, பார்ப்போம்" என்றாள் அதைச் சோதிக்க உட்கார்ந்த சோதனைக்காரி.

"ஓடுது அக்கா!" என்றது ஏவல், கண்மூடித் திறப்பதற்குள்.

"ஓடுறதைப் பார்த்தியா?"

"மேகம் 'வாங்கிக்கிட்டேன்'னு சொல்லிச்சே!"

"பொண்ணு பார்த்துட்டுப் போன அன்னைக்கே பந்தல் போடுற ஆளா நீ? போய்க் கேளுடா."

ஏவல் முகம் வாடிப்போய் மேகத்தைக் கூப்பிட்டது. அங்கே பெட்டி விழுந்து கிடந்தது. "எந்தக் கதவைத் திறக்கணும்னு நீ சொல்லவே இல்லையே அண்ணே" என்று அழுதது.

ஏவல் கதவைச் சொல்லி, பெட்டியை மறுபடி ஏற்றிவிட்டது. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

"என்னடா, தூங்கிட்டியா?" என்று சீண்டினாள் சோதனைக்காரி. "பொழுது சாயுது."

"இருங்க அக்கா. பெட்டி பேசட்டும்."

மேலேயிருந்து குரல் வந்தது. "எழுந்துட்டேன் அண்ணே! கதவு திறந்தாச்சு, ஆளுங்க வர்றாங்க!"

"ஓடுது அக்கா" என்றது ஏவல்.

சோதனைக்காரி சிரித்துக்கொண்டே பச்சை விளக்கைப் போட்டாள். மேகத்திலிருந்த பெட்டிகளெல்லாம் கைதட்டின.

அந்தக் கருவி இப்போது எத்தனையோ பேர் கையில் இருக்கிறது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பெனிட்டா அடுத்ததைச் செய்ய உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்காக நீங்களும் ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்.