ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

முதல் கேள்விக்கே அவளிடம் பதில் தயாராக இருந்தது.

வேலையையும் வீட்டையும் எப்படிப் பிரித்து வைத்துக்கொள்கிறீர்கள் என்று டாக்டர் மங்கையர்க்கரசி கேட்டார். மனநல ஆலோசகர் வேலைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"ஞாயித்துக்கிழமை போன் எடுக்க மாட்டேன் மேடம்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த மேலாளரும் தலையாட்டினார்.

தேறிவிட்டோம் என்று நினைத்தாள். சந்தோஷம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். சாப்பிட்டால் உப்பு, உறைப்பு தெரிவதில்லை. ஊரே சிரிக்கிற நகைச்சுவைக்கு அவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பழைய வேலையை விட்டாயிற்று. தம்பி வீட்டில் ஓசிச் சாப்பாடு. தம்பி மனைவி தட்டு வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது நடிப்பு.

கடைசிச் சுற்றுக்கு வந்தது இரண்டு பேர், அவளும் ஜெபராஜ் என்ற பையனும். ஒருவர் ஆலோசகராகவும் மற்றவர் ஆலோசனைக்கு வந்தவராகவும் நடிக்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும்.

முதலில் ஜெபராஜ்தான் ஆலோசகர். நேற்றுப் படித்து முடித்தவன் போலிருந்தான். வியர்த்த கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தான். இவனை ஊதித் தள்ளிவிடலாம்.

ஏதாவது ஒரு கஷ்டத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

மாமியார் கொடுமை என்று ஆரம்பிக்கத்தான் இருந்தாள்.

"மோனிஷான்னு ஒரு பொண்ணு என்கிட்ட கவுன்சலிங் வந்துட்டிருந்தா" என்றது வாய்.

"ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா. நான் கல்யாணப் பந்தியில இருந்தேன். லீவு நாள்தானேன்னு சைலன்ட்ல போட்டுட்டேன். பாயசம் வந்துச்சு. இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

"திங்கக்கிழமை அவ உயிரோட இல்ல."

செய்தி வாசிப்பது போல வந்தது குரல்.

பிரமாதமாக நடிக்கிறார் என்று மேலாளர் டாக்டரின் காதில் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஜெபராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் மேல் தப்பில்லை என்று ஆறுதல் சொல்லவில்லை. மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளவும் இல்லை. தள்ளினால், அழுதது போதும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பழைய வேலையில், புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

"தம்பி, ஏதாச்சும் பேசுங்க. டைம் போகுது" என்றார் மேலாளர்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கை வியர்ப்பதைக்கூட மறந்திருந்தான். அவளிடம்தான் கேட்டான்.

"மோனிஷா எப்படிப்பட்ட பொண்ணு?"

அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, ஏன் எடுக்கவில்லை, கோப்பு எங்கே. இதுவரை விசாரித்த எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள்.

"சத்தமா சிரிப்பா" என்றாள்.

வலித்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த வலி என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நேரம் முடிந்தது. டாக்டர் மெதுவான குரலில் இடம் மாறச் சொன்னார். இனி அவள் ஆலோசகர்.

ஜெபராஜ் எழுந்து நின்றான். ஆலோசகருக்கான எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தால் வேலை அவளுக்குத்தான். அந்த அறையில் எல்லோருக்குமே அது தெரியும்.

"நான் இங்கயே இருந்துக்கறேன் மேடம்" என்றாள்.