கடலை இல்லாத பலகை

இன்ஸ்பெக்டர் அக்காவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் கேன்டீன்காரரோடு ஒரு கத்திக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"வேர்க்கடலை கேக் வெட்டின கத்தியாலேயே இந்தச் சாதா கேக்கையும் வெட்டுறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"துடைச்சுட்டேன் அக்கா."

"எதால?"

"துண்டால."

"அந்தத் துண்டால அதுக்கு முன்னாடி எதைத் துடைச்சே?"

வரிசையில் சிரிப்பு. 'இன்ஸ்பெக்டர்' என்ற பட்டப்பெயர் வந்தது இதனால்தான்.

"இங்கே கடலை சேர்த்த பண்டம் இல்லை" என்று பலகை எழுதி, ஒரு மேஜைக்கு மேலே மாட்ட வைத்தவரும் அவர்தான்.

கேன்டீன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "சமைக்கிறதுதான் அக்கா என் வேலை. உங்க உடம்புக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு பார்க்கிறது டாக்டர் வேலை."

எங்களுடையது இன்சூரன்ஸ் ஆபீஸ். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று தீர விசாரித்து, நாங்கள் இல்லை என்று எழுதி அனுப்புவதுதான் தொழில். அது கேன்டீன் வரைக்கும் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

வழக்கம்போல அக்காவுக்கு அடுத்தபடியாகத் தட்டோடு நின்றிருந்தார் மேனேஜர். எங்கள் பக்கம் திரும்பினார்.

"நம்ம காலத்துல அலர்ஜின்னு ஒண்ணைக் கேள்விப்பட்டிருக்கோமா? கல்லைத் தின்னாலும் செரிச்சுது. இப்ப ஆளாளுக்கு ஒண்ணு வெச்சிருக்காங்க. உடம்பு அவங்களோடது. அப்போ பொறுப்பும் அவங்களோடதுதானே? ஆபீஸ் என்ன பண்ணும்?"

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். கத்தியைத் தானே எடுத்துப்போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"விசாரணை முடிஞ்சுதா? மேடத்துக்குக் குடுக்கிறதையே எனக்கும் குடுப்பா," என்றார் மேனேஜர்.

தினமும் சொல்கிற ஜோக்தான். நாங்களும் தினமும் சிரிப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு.

அடுத்த வாரம் கேன்டீனிலேயே இரங்கல் கூட்டம். அக்காவின் வீட்டுக்காரர் வந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

"மேடம் இந்த ஆபீஸுக்கே தாய் மாதிரி," என்று மேனேஜர் பேசி முடித்தார்.

கேன்டீன்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேக் கொண்டுவந்தார். "நல்ல மனுஷி சார். என்ன, இருந்தவரைக்கும் என் உயிரை எடுத்துட்டாங்க. பலகையைக் கழட்டிட்டேன். தனி மேஜை, தனிக் கத்தி, எந்தத் தொல்லையும் இனி இல்லை. எடுத்துக்குங்க, கடலை தாராளமாப் போட்டிருக்கேன்."

மேனேஜர் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரரும் ஒன்று எடுத்துக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுன்னா அவளுக்கு உசிரு."

"எதுங்க?" என்றார் கேன்டீன்காரர்.

"கடலைதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் வறுத்துக் கொறிச்சாத்தான் அவளுக்கு மத்த வேலையே ஓடும்."

"அவங்களுக்குத்தான் கடலை ஆகாதே!"

"யார் சொன்னது? அவளுக்கு ஒண்ணும் கிடையாதுங்க. இங்கே யாருக்கோதான் ஆகாது. ஒருநாள் கோப்பு அறையில முகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டிக் கிடந்தாராம். இவதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாராம். 'விடுங்க, எனக்குன்னு சொல்லிக்கிறேன்'னு சொல்லிட்டு வந்துட்டா."

"யாருங்க அது?"

"எங்கிட்டகூடச் சொல்லலையே."

வாயில் இருந்த கேக்கை மென்றபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "நானில்லப்பா" என்று யாரோ ஆரம்பித்தார். பிறகு ஆளாளுக்குச் சொன்னோம். பழகின வாய்தானே.

மேனேஜர் மட்டும் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பலகையை மறுபடி மாட்டிடுப்பா," என்றார்.

"யாருக்காக சார்?"

"யாருக்காகவும் இல்லை. மேடத்தோட ஞாபகார்த்தமா."

பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து மேனேஜர் தினமும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறார்.