ஹார்லனின் மூக்கு

"போச்சுடா ஆர்வில். சுத்தமா கெட்டுப்போச்சு."

வெடிமருந்து டப்பாவிலிருந்து மூக்கை எடுத்த ஹார்லன், முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டார்.

ஹார்லனின் சிநேகிதரான ஆர்வில் என் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி இங்க்ரிட் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போன நான், அவருடைய கார் ஷெட்டில் பாத்திரமும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

"எங்கே, கொடுங்க" என்று நானும் வாங்கி மோந்து பார்த்தேன்.

எங்கள் மொன்டானா மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைத் தூக்கிப் போடுவதில்லை. வீட்டிலேயே மருந்து அடைத்துத் திரும்ப உபயோகிப்பார்கள். நானும் அடைப்பேன். கெட்ட மருந்து என்றால் புளித்த வாடை அடிக்கும், மூக்கைக் கரிக்கும், துரு மாதிரி சிவப்பாகத் தூள் உதிரும். இதில் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

"நல்லாத்தானே இருக்கு?"

"உனக்குத் தெரியாது நார்மா. பன்னிரண்டு வருஷத்துப் பழசு."

இதைச் சொல்கிற ஹார்லன், போன வாரம்தான் தன் அப்பா வாங்கி வைத்த மருந்தை அடைத்து ஒரு மானைச் சாய்த்துவிட்டு, ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தார். "ஈரம் படாம, வெயில் படாம வெச்சா மருந்துக்கு வயசே கிடையாது" என்று எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் வகுப்பு எடுக்கிறவரும் அவர்தான்.

அடுத்த டப்பாவை எடுத்தார். சீல்கூட உடைக்காதது.

"இதுவும் போச்சு."

"திறக்காமலேயா?"

"டப்பாவைப் பார்த்தாலே தெரியுது."

அடைத்து வைத்திருந்த தோட்டாக்களையும் விடவில்லை. "உள்ளே இருக்கிறது இதே மருந்துதானே?" என்று பெட்டியில் அள்ளிப் போட்டார். அப்புறம் அலமாரியைத் திறந்து மூன்று துப்பாக்கிகளையும் வெளியே எடுத்தார். "குழல்ல துரு ஏறியிருக்கு. துடைச்சுத் தரேன்."

துருவாவது! இங்க்ரிட்டின் கைக்கண்ணாடி மாதிரி மின்னின மூன்றும்.

"கெட்ட மருந்துன்னா தோட்டத்துல தூவிடலாமே? புல்லுக்கு உரமாச்சே" என்றேன். நாங்கள் எல்லாரும் வழக்கமாகச் செய்வது அதுதான்.

"முழங்கால் அளவு பனி கிடக்கு. எந்தப் புல்லு வந்து சாப்பிடப்போகுது?"

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஆர்வில் கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே. டாஃபியை?"

டாஃபி அவருடைய நாய். வயசாகி, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும்.

"அதுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு, நடக்கவும் கூட்டிட்டுப் போறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்தா? உன் நாய், நீயே பாரு" என்றவர், எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. உபயோகமான பொருளையெல்லாம் வாரிக்கொண்டு, தீனி கேட்கிற கிழட்டு நாயை மட்டும் விட்டுவிட்டுப் போகிறாரே, இவரெல்லாம் நாற்பது வருஷ சிநேகிதராம்! இரண்டே நாளில் ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டேன். மீதிப் பேரிடம் அவர்கள் சொன்னார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஜனவரியில் ஏணி இரவல் கேட்கிற சாக்கில் ஹார்லன் வீட்டு ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மேல் தட்டில் ஆர்விலின் டப்பாக்கள் அப்படியே வரிசையாக இருந்தன. ஒன்றுகூடத் தொடப்படவில்லை. ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி 'ஆர்வில்' என்று எழுதியிருந்தது. கெட்டுப்போனதை எதற்குப் பத்திரப்படுத்த வேண்டும்? அபகரித்த பொருளில் யாராவது அடுத்தவன் பெயரை எழுதி வைப்பார்களா?

மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஏப்ரலில் பனி உருகியது. ஆர்வில் காலையும் மாலையும் டாஃபியோடு என் வாசலைக் கடந்து போவார். நின்று பேசுவார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை ஹார்லனின் வண்டி வந்து நின்றது. டப்பா, தோட்டா, துப்பாக்கி எல்லாம் திரும்பி வந்தன. நானும் விடாமல் ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்டா. மூக்கு தப்பாச் சொல்லிடுச்சு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் ஹார்லன்.

"சீல் வெச்ச டப்பாவுக்குமா ஜலதோஷம்?" என்றேன்.

ஹார்லன் பெரிதாகச் சிரித்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

"அவர் சொன்னதை நீங்க நம்பினீங்களா ஆர்வில்?"

"நாற்பது வருஷமா மருந்து அடைக்கிறேன். நல்லது எது, கெட்டது எதுன்னு எனக்குத் தெரியாதா நார்மா?"

"பின்னே எதுக்கு அள்ளிட்டுப் போக விட்டீங்க?"

ஆர்வில் குனிந்து டாஃபியின் காதைத் தடவினார்.

"அன்னிக்குக் காலையில நான்தான் அவனுக்குப் போன் பண்ணினேன். 'டாஃபியை நீ கொண்டுபோய் வெச்சுக்கோ, இனிமே அதுக்கு யாரும் இருக்க மாட்டாங்க'ன்னு சொன்னேன். ஏன், எதுக்குன்னு அவன் ஒரு வார்த்தை கேக்கல. பத்தாவது நிமிஷம் வந்து நின்னான்."

'ஆர்வில்' என்று காகிதம் ஒட்டிய டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"வந்தவன், நாயை மட்டும் எடுத்துக்கல."