கோபமில்லாத இடம்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஹிப்னாடிசச் சிகிச்சை தரும் ஹில்கெயிடம், கோபத்தை விடச் சொல்லி மனைவி வைத்த கெடுவுக்குப் பயந்துதான் வுப்போ வந்திருந்தார்.

"கண்ணை மூடிக்குங்க. உங்களுக்குக் கோபமே வராத ஒரு இடத்துக்குப் போங்க."

அவர் மூச்சு மெல்லத் தணிந்தது.

"எங்க வீட்டு அடுப்படி. பொண்டாட்டி பேன்கேக் சுடுறா. பாகு பாட்டிலுக்குப் பிள்ளைங்க அடிச்சுக்குதுங்க. ஒரே சிரிப்பு."

கடலையும் காட்டையும் சொல்பவர்களையே பார்த்திருந்த ஹில்கெக்கு நிம்மதியாக இருந்தது.

"நல்லது. இனி கோபம் வந்தா மனசால இங்க வந்துடுங்க. எந்த நாற்காலியில உக்காந்திருக்கீங்க?"

"உள்ள இல்லீங்க. தெருவுல, சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்க தெருவுல யாரு ஜன்னல்ல திரை போடுறா? எல்லாம் தெரியுது."

"உள்ள போங்களேன்."

"தினமும் இப்படிக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுத்தான் போவேன். கதவைத் திறந்தா சிரிப்பு நின்னுடும்."