தாய்மாமன் மடி

திருத்தணியிலிருந்து புறப்பட்டு, கப்பலேறி ஜெயம்மாள் ரங்கூனுக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஐந்து வருடமாக அங்கே வேலை பார்க்கும் கணவன் வேதாசலம் அன்றுதான் அவளை ஊர் சுற்றிக்காட்ட அழைத்து வந்தான். பகோடா என்னும் புத்தர் கோயிலுக்கு வந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

"இங்கியே நில்லு. ரிக்‌ஷா புடிச்சுகினு வரேன்" என்று குடையோடு ஓடினான்.

படிக்கட்டுக் கூரையின் கீழ் ஒரு தமிழ்ப் பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் இரட்டைச் சடையோடு ஒரு குழந்தை.

"பொண்ணு லட்சணமா கீதே!" என்றாள் ஜெயம்மாள்.

"பையன்ங்க. மூணு வயசாச்சு. முதல் மொட்டை திருத்தணி மலையிலதான்னு இவங்கப்பா பிடிவாதம்."

ஜெயம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க ஊருங்க அது! உங்க வூட்டுக்காரர் எங்க?"

"வேலையா மோல்மீன் போயிருக்கார். நாளைக்கு வருவார். ஊருக்குப் போலாம்னா, மடியில வெச்சு மொட்டை போடத் தாய்மாமன் இல்லையேன்னு தட்டிக் கழிக்கிறார். எனக்குக் கூடப்பிறந்தவங்க கிடையாது."

"இதுக்கா கவலப்படறே? எங்கண்ணன் மலையடிவாரத்துலதான் கீறாரு. அவர் மடியில உக்கார வெச்சிக்கலாம். என்னை அக்கான்னு நெனச்சுக்கோ."

ரிக்‌ஷா மணி கேட்டது. குழந்தை கையை உதறிக்கொண்டு மழைக்குள் ஓடினான்.

"நைனா!"

ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிய வேதாசலத்தின் குடை நழுவி விழுந்தது.

"இன்னைக்கே வந்துட்டீங்களா?" என்று மலர்ந்தாள் அந்தப் பெண்.

ஜெயம்மாள் மெல்லப் படியிறங்கி, கணவனின் எதிரே நனைந்தபடி நின்றாள்.

"மொட்டைக்கு நாள் பாருங்க. தாய்மாமன் கெடச்சுட்டாரு."